முடியாத செத்தவீடு

"பெரியம்மா… இண்டைக்கு அப்பா பெரியப்பாவை எரிக்கப் போறாராம்."

வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நுழைத்து நளாயினி இதைச் சொன்னபோது, பராசக்தி அடுப்படியில் குந்தியிருந்து ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். புகை கண்ணைக் கரித்தது. சொன்னது விளங்க அவளுக்குச் சற்று நேரம் எடுத்தது.

அவளுடைய கணவர் தியாகலிங்கம் இறந்து ஒரு கிழமை கழிந்துவிட்டது. உடல் வீட்டில் இல்லை, சுடலைக்கும் போகவில்லை. வைத்தியம் படிக்கிற பிள்ளைகள் பார்த்துப் படிக்கட்டும் என்று அவர் உயிரோடிருக்கும்போதே எழுதிக் கொடுத்திருந்தபடி, மருத்துவ பீடத்தில் மருந்தேற்றி வைக்கப்பட்டிருந்தது. இங்கே இல்லாத உடலை எப்படி எரிப்பது?

நளாயினி மூச்சு வாங்க விபரம் சொன்னாள். ஐயர் வரப்போகிறார். தர்ப்பைப் புல்லால் ஆள் உருவம் ஒன்று கட்டி, அதைப் பெரியப்பாவாகப் பாவித்து, வாய்க்கரிசி போட்டு, கொள்ளி வைத்து எரிப்பார்கள். கடலோடு போனவர்களுக்கும், பிடிபட்டுப் போய்த் திரும்பி வராதவர்களுக்கும் இப்போது ஊரில் அப்படித்தான் செய்கிறார்கள். பெரியம்மாவுக்கு இதைச் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாளாம்.

வேலிக்கு அப்பால் பந்தலுக்குக் கிடங்கு கிண்டும் அலவாங்குச் சத்தம் கேட்டது. அதற்கு மேலால் மகாதேவியின் குரல் வந்தது. நளாயினியின் தாய் அவள்.

"எடியேய் நளா, உதுக்குள்ளை என்னத்துக்குத் தலையைக் குடுத்துக்கொண்டு நிக்கிறாய்? புருசனை வெட்டக் குடுத்தவளோடை உனக்கென்ன கதை?"

நளாயினியின் முகம் சுருங்கியது. "நான் இண்டைக்குச் சொல்லிப்போடப் போறன் பெரியம்மா…" என்றாள் மெதுவாக.

"வாய் திறக்கப்படாது. போ."

பராசக்தி அடுப்பையே பார்த்துக்கொண்டு அதைச் சொன்னாள். பொட்டு ஓலை பழையபடி சாத்திக்கொண்டது.

நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காகச் சொன்னால்தான் இது விளங்கும்.

பராசக்தி உடுப்பிட்டியிலிருந்து புத்தூருக்கு மருமகளாக வந்தபோது, தியாகலிங்கத்தின் தம்பி சோமசேகரம் அரைக் காற்சட்டையோடு பள்ளிக்கூடம் போகிற பையன். அது தாயில்லாத வீடு. அவனுக்குச் சோறு குழைத்துக் கொடுத்து, காய்ச்சலுக்குக் குடிநீர் அவித்து, படிப்பு ஏறாதபோது தமையனின் அடிக்குக் குறுக்கே நின்று வளர்த்தவள் அவள்தான். தனக்கு ஒரு பிள்ளை பிறக்காத குறையை அவள் அவ்வளவாக உணராமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு மகாதேவியைப் பேசிக் கட்டிவைத்ததும் அவள்தான். காணி இரண்டாகப் பிரிந்து நடுவில் கிளுவை வேலி எழுந்தது. கிணறு மட்டும் பங்கு. ஒரு நாள் அவர்கள் இறைத்தால் மறுநாள் இவர்கள்.

ஒன்பது வருடங்களுக்கு முந்திய ஒரு கோடையில், தம்பியின் முறையன்று தியாகலிங்கம் தன் மிளகாய்க்குத் தண்ணீர் விட்டுவிட்டார். கன்றுகள் வாடி விழுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க ஏலாது என்பதுதான் அவருடைய நியாயம். சோமசேகரம் கிணற்றடியில் நாலு பேர் பார்க்க நின்று கத்தினார்.

"இனி உன்ரை முகத்திலை முழிக்கமாட்டன். உன்ரை செத்தவீட்டுக்கும் வரமாட்டன், போ."

"வராட்டில் விடு. செத்தாப் பிறகு எனக்குத் தெரியவோ போகுது?" என்றார் தியாகலிங்கம், மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு.

பார்த்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் சோமசேகரத்தின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் கதை இல்லை. முறைப்படி தண்ணீர் மட்டும் மாறிக்கொண்டார்கள். வேலியில் இருந்த பொட்டைச் சோமசேகரம் கதியால் நட்டு அடைத்தார். சின்னப் பிள்ளையாயிருந்த நளாயினி அதை ஆட்டி ஆட்டி மறுபடியும் திறந்தாள். அவர் அடைப்பதும் அவள் திறப்பதுமாகக் கொஞ்சக் காலம் போய், பிறகு அவர் கண்டும் காணாதவர்போல் விட்டுவிட்டார்.

அந்த நளாயினி மருத்துவ பீடத்துக்கு எடுபட்டபோது சோமசேகரம் கோயிலில் பொங்கினார். வேலிக்கு இந்தப் பக்கம் தியாகலிங்கமும் ஒரு பானை பொங்கினார். ஒருவர் பொங்கியதை மற்றவர் கேட்கவில்லை.

போன மாசியில் ஒரு பின்னேரம், கம்பசிலிருந்து சைக்கிளில் வந்த களைப்போடு நளாயினி பெரியப்பா வீட்டு அடுப்படியில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்தபடி முறைப்பட்டுக்கொண்டிருந்தாள். உடம்பைக் கீறிப் படிக்கிற மேசையைச் சுற்றி அவ்வளவு பிள்ளைகள். உடல் கிடைப்பது அருமை. தானோ கட்டை. முன்னுக்கு நிற்க இடம் கிடைப்பதில்லை.

"முன்னாலை நிக்கிறவையின்ரை முதுகுகளைத்தான் நான் வடிவாப் படிச்சிருக்கிறன் பெரியப்பா."

தியாகலிங்கம் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, ஏன் உடம்பு போதாதோ என்று கேட்டார். யார் தருவார்கள், எல்லோரும் எரித்துப்போடுவார்கள்தானே என்றாள் அவள்.

"அப்ப நான் தாறன்."

நளாயினி பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். பராசக்திக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய முகத்தை அவளுக்குத் தெரியும்.

அடுத்த கிழமையே அவர் சைக்கிளில் போய் எல்லாம் விசாரித்துக்கொண்டு வந்தார். மனைவியின் சம்மதமும் வேண்டுமாம். பராசக்தி இரண்டு நாள் அழுதாள். நெஞ்சு நோவுக்கு மருந்தெடுக்கப் போய், டொக்டர் இல்லாமல் ஆஸ்பத்திரி வாங்கில் குந்தியிருந்து நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டுத் திரும்பிய ஒரு நாளை அவர் நினைவுபடுத்தினார். இருந்த டொக்டர்மார் எல்லோரும் கப்பலேறிவிட்டார்கள்; இதுகள் படித்து வந்தால்தானே உண்டு என்றார். அவள் கடைசியில் தலையாட்டினாள். அப்போது அவர் ஒன்றைக் கேட்டு அவளுடைய கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். நளா சொல்லித்தான் இந்த எண்ணம் வந்தது என்று ஒருவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் சோமன் பிள்ளையின் படிப்பை மறித்துப்போடுவான்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஆவணியில் அது வந்தது. மண்ணெண்ணெய் தட்டுப்பாட்டால் தண்ணீர் இறைக்கிற மெசின் சாக்குப் போர்த்திக் கிடந்த காலம். துலாவால் வெங்காயப் பாத்திக்கு இறைத்துக்கொண்டிருந்த தியாகலிங்கம் கிணற்றுக் கட்டில் நின்றபடியே சரிந்தார். பராசக்தி ஓடிப் போய்ப் பிடித்தபோது கையில் கயிறு இருந்தது, மூச்சு இல்லை.

சோமசேகரம் அப்போது கிளிநொச்சியில், சிறுபோக வயல் வெட்டுவிக்கப் போயிருந்தார். சண்டையால் தரைப்பாதை பூட்டிக் கிடந்ததால், கிளாலியால் கடல் கடந்து போகிறவர்களிடம் சொல்லிவிட்டார்கள். ஆனால் வள்ளம் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? மருத்துவ பீடத்திலிருந்து வந்த மறுமொழி ஒன்றுதான். இந்த வெக்கையில், ஐஸ் இல்லாத இடத்தில் வைத்திருக்க முடியாது. பின்னேரத்துக்குள் கொண்டுவர வேண்டும். பிந்தினால் படிப்புக்கு உதவாது.

அன்று மகாதேவியும் வேலி கடந்து வந்தாள். பராசக்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அக்கா, அவர் வரட்டும். எரிக்கிறதெண்டாலும் வெட்டிறதெண்டாலும் அவர் வந்து முகம் பாத்தாப் பிறகு செய்யுங்கோ… இல்லாட்டில் அந்த மனுசன் தாங்காது" என்று அழுதாள். அது வேசம் இல்லை. பராசக்திக்கு அது தெரியும். ஒரு பக்கம், சோறு குழைத்துக் கொடுத்து வளர்த்தவனின் முகம். மறுபக்கம், அவருக்குத் தலையாட்டிக் கொடுத்த சம்மதம். காத்திருந்தால் அவர் கேட்ட ஒன்றே ஒன்று வீணாகிவிடும்.

அவள் காத்திருக்கவில்லை.

பாடை புறப்படும்போது பெண்கள் வாசல் படலையோடு நின்றுவிடுவதுதான் வழக்கம். பராசக்தி நிற்கவில்லை. லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் அவருக்குப் பக்கத்தில் ஏறி இருந்தாள். ஆண்கள் திகைத்துப் போய் மறித்தார்கள்.

"சுடலைக்குத்தானே பொம்பிளையள் போகப்படாது? இவர் போறது பள்ளிக்கூடத்துக்கு" என்றாள்.

அங்கே நரைத்த தலையோடு ஒரு விரிவுரையாளர் எழுந்து வந்து, கைகூப்பி, தலை குனிந்து உடலை ஏற்றுக்கொண்டார். அவள் திரும்பும்போது ஒன்று சொன்னார். முகம் பார்க்கக் கிடைக்காத சொந்தக்காரர் யாரும் இருந்தால், புது வகுப்புத் தொடங்கும்வரைக்கும் வந்து பார்க்கலாம். பராசக்தி அதைச் சேலைத் தலைப்பில் முடிந்ததுபோல் மனதில் முடிந்துகொண்டு வந்தாள். சோமசேகரத்துக்குச் சொல்ல வேண்டும் என்றுதான்.

மூன்றாம் நாள் அவர் வந்தார். களப்புச் சேறு காய்ந்த சாரத்தோடு, தன் வீட்டுக்குப் போகாமல், ஒன்பது வருடமாக மிதிக்காத தமையனின் படலையில் வந்து நின்றார்.

"அண்ணை எங்கை?"

பராசக்தி சொன்னாள். அவர் படலைக் கப்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஆர் உந்தப் புத்தி குடுத்தது?"

அவருக்குப் பின்னால், வேலியோரத்தில் நளாயினி நின்றாள். அவளுடைய உதடு வெளிறியிருந்தது. பராசக்தி அவளைப் பார்க்காமல் சோமசேகரத்தையே பார்த்தாள்.

"நான்தான்."

"நீங்களோ அண்ணி…? நான் கோவத்திலை ஒரு சொல் சொன்னனான். செத்தவீட்டுக்கும் வரமாட்டன் எண்டு சொன்னனான். அதைப் பலிக்கப் பண்ணிப்போட்டியளே… இதிலும் பாக்க எனக்குச் சோத்துக்குள்ளை நஞ்சு வைச்சுத் தந்திருக்கலாம்."

வந்து பார்க்கலாமாம் தம்பி என்று அவள் தொடங்கியது அவருடைய காதில் ஏறவில்லை. போய்விட்டார். மருத்துவ பீடம் அவருடைய அண்ணையைத் தின்ற இடம். தன் பிள்ளை தன் பெரியப்பனிலேயே கத்தி வைக்க வேணுமோ என்று சொல்லி, அன்றோடு நளாயினியின் சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்.

ஊர் பேசியது. கிணற்றடியிலும் சங்கக் கடை வரிசையிலும் பேசியது. கொழுந்தனைப் பழிவாங்கக் கட்டினவனைக் கூறுபோடக் கொடுத்தவள் என்றது. வயிற்றில் ஒன்று பிறந்திருந்தால் இந்தக் கல்நெஞ்சு வந்திருக்குமோ என்று மகாதேவி வேலிக்குக் கேட்கத்தக்கதாகச் சொன்னாள். பராசக்தி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தாள். தான் ஒரு வார்த்தை மறுத்தாலும் அடுத்த கேள்வி நளாயினியில் போய் நிற்கும். கோபம் ஆறப் பிள்ளை திரும்பப் படிக்கப் போவாள் என்று காத்திருந்தாள். கோபம் ஆறவில்லை.

இவ்வளவும் நடந்த பிறகுதான் இந்தக் காலையில் அலவாங்குச் சத்தம் கேட்கிறது.

கேத்தில் கொதித்துத் தணிந்தது. அவள் தேத்தண்ணி ஊற்றவில்லை. வேலிக்கு அப்பால் பறை ஒருதரம் அதிர்ந்து அடங்கியது. தன்னைக் கல்நெஞ்சுக்காரி என்பது பரவாயில்லை. அதை அவளால் சுமக்க முடிந்தது. ஆனால் அவரைப் புல்லாய்க் கட்டி எரித்து, காணாமல் போனவர்களோடு சேர்த்துவிடப் போகிறார்களே… அவர் தானாய்க் கேட்டு, தானாய்ப் போன இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தையே இல்லாமல் செய்யப் போகிறார்களே…

அவள் எழுந்து முகத்தைக் கழுவி, வெள்ளைச் சேலையை இழுத்துச் சொருகினாள். பொட்டால் போகவில்லை. ஒழுங்கையால் சுற்றி, சோமசேகரத்தின் படலையைத் திறந்துகொண்டு, எல்லோரும் பார்க்க முற்றத்துக்குள் போனாள்.

பந்தலின் கீழே வாழையிலையில் தர்ப்பை உருவம் கிடந்தது. தலைக்கு ஒரு தேங்காய். மார்பில் வெள்ளைத் துண்டு. சோமசேகரம் ஈரவேட்டியோடு, வாய்க்கரிசியைக் கைக்குள் பொத்திக்கொண்டு நின்றார். பறை நின்றது.

"இஞ்சை ஏன் வந்தனீங்கள்?" மகாதேவி குறுக்கே வந்தாள். "குடுத்தது காணாதெண்டு இதையும் கொண்டுபோய் அங்கை குடுக்கவோ?"

பராசக்தி அவளைத் தாண்டி ஐயரைப் பார்த்தாள்.

"ஐயா, இது ஆருக்குச் செய்யிற கிரியை?"

உடம்பு கிடைக்காதவர்களுக்கு என்றார் அவர்.

"அவர் கிடைக்காமல் போகேல்லை ஐயா. அவர் எங்கை இருக்கிறார் எண்டு எனக்குத் தெரியும். நான்தான் கொண்டுபோய் விட்டனான்."

ஐயர் சோமசேகரத்தைப் பார்த்தார். உடம்பு கிடைக்கவில்லை என்றுதானே தனக்குச் சொல்லப்பட்டது என்று கேட்டார். இருக்கிற இடம் தெரிந்தால் இதைச் செய்ய முடியாது என்று சொல்லி, கையிலிருந்த புல்லைக் கீழே வைத்தார்.

சோமசேகரம் அரிசிக் கையை இன்னும் இறுக்கினார். "இதையும் மறிச்சுப்போட்டியள். இதையாவது செய்ய விட்டியளே அண்ணி…? என்ன பாவம் செய்தனான் உங்களுக்கு?"

"அவ ஒண்டும் செய்யேல்லை அப்பா!"

நளாயினி வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தாள். பராசக்தி கையை நீட்டி மறித்தாள். பிள்ளை அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"நான்தான் பெரியப்பாவுக்குச் சொன்னனான். எங்களுக்குப் படிக்க உடம்பு இல்லை, எனக்கு நிக்க இடமில்லை எண்டு நான்தான் போய் அழுதனான். அவர் தாறன் எண்டவர். நான் பகிடி எண்டு நினைச்சிட்டன். நீங்கள் என்னைக் கம்பசாலை மறிச்சுப்போடுவியள் எண்டுதான் பெரியம்மா தன்ரை தலையிலை போட்டவ… அம்மா சொல்லுற எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு இருந்தவ. இனி என்னை மறியுங்கோ. நான் படிக்கேல்லை. அவவை ஒண்டும் சொல்லாதேங்கோ."

மகாதேவி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சோமசேகரம் மகளைப் பார்த்தார். பிறகு தமையன் மனைவியைப் பார்த்தார். சின்ன வயதில் தன்னை அடிக்கு மறைத்துக்கொண்டு நின்ற அதே நிலையில், இப்போது பிள்ளைக்கு முன்னால் நின்றாள் பராசக்தி.

"எனக்கு ஒருக்கா… ஒரேயொருக்கா முகத்தைக் காட்டியிருக்கலாம் அண்ணி."

"எரிச்சிருந்தால் நீ வரேக்கை சாம்பல்தான் இருந்திருக்கும் தம்பி" என்றாள் பராசக்தி. "கடல் கடந்து நீ எப்ப வருவாய் எண்டு பாத்துக்கொண்டு சாதாரணச் செத்தவீட்டிலையும் ஆரும் மூண்டு நாள் வைச்சிருக்கமாட்டினம். அவர் அங்கை இருக்கிறார். வந்து பாக்கலாம் எண்டு சொன்னவை. அதைத்தான் அண்டைக்கும் சொல்ல வெளிக்கிட்டனான், நீ கேக்கேல்லை. அந்தச் செத்தவீடு இன்னும் முடியேல்லை. நீ வந்தால்தான் முடியும். வா."

அவர் பொத்திய கையோடு அப்படியே இறங்கி நடந்தார்.

அதே லாண்ட்மாஸ்டர். பெட்டியில் ஒரு பக்கம் சோமசேகரமும் மறுபக்கம் இரண்டு பெண்களும். பின்னால் நளாயினி சங்கிலி கழற்றிய சைக்கிளில் வந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு மகாதேவி தன் கையைப் பராசக்தியின் மடியில் வைத்தாள். பராசக்தி அதை எடுத்துவிடவில்லை.

மருத்துவ பீடத்து மருந்து மணத்தில் கண் கரித்தது. வாசலில் சோமசேகரம் தோளில் கிடந்த சால்வையை இடக்கையால் எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டார். விரிவுரையாளர் துணியை முகமளவுக்கு விலக்கினார். நிறம் மாறியிருந்தது. ஆனால் வாயோரம், அந்தப் பகிடிக்கார வாய், அப்படியே இருந்தது.

"அண்ணை… நான் வந்திட்டன்."

ஒன்பது வருடத்தில் முதல் தரம். பிறகு அவர் அழுத அழுகையை நிறுத்த ஒருவரும் முயலவில்லை. ஓய்ந்தபோதுதான் தன் வலக்கை இன்னும் மூடியிருப்பதைக் கண்டார். விரித்தார். வாய்க்கரிசி வியர்வையில் ஊறி உள்ளங்கையில் ஒட்டிக்கிடந்தது. இதைப் போடலாமோ என்று பிள்ளையைப்போலக் கேட்டார்.

வாயில் வேண்டாம், கையில் வையுங்கள் என்றார் விரிவுரையாளர். காய்த்துப்போன அந்த உள்ளங்கையில் சோமசேகரம் அரிசியை வைத்தார். பராசக்தி குனிந்து, சிந்திய மணிகளை எடுத்துச் சேர்த்தாள். அப்போது அவர் அவளுடைய தோளில் முகத்தைப் புதைத்து, "அண்ணி… அண்ணி…" என்றார். அவள் அந்த நரைத்த தலையைத் தடவினாள். சின்ன வயதில் அவள் எண்ணெய் வைத்த தலை.

புறப்படும்போது சோமசேகரம், அவரில் நளாதான் கீறுவாளோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இல்லை, சொந்தப் பிள்ளைகளை விடுவதில்லை, அவளுக்குப் பின்னால் வருகிற வகுப்புக்குத்தான் அவர் என்றார் விரிவுரையாளர். சோமசேகரம் பக்கத்து மண்டபத்தை எட்டிப் பார்த்தார். வெறும் மேசைகள் கிடந்தன.

"நீ இதிலை எங்கை நிக்கிறனி?"

நளாயினி சுவரோரத்தைக் காட்டினாள்.

"திங்கக்கிழமை வந்து முன்னுக்கு நில்" என்றார்.

திங்கட்கிழமை காலை பராசக்தி கண்விழித்தபோது ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டது. பிள்ளை போகிறாள். அவள் முற்றத்துக்கு வந்தாள். கிணற்றடியில் துலா கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. ஒரு கிழமைக்கு மேலாகக் காய்ந்து கிடந்த அவளுடைய வெங்காயப் பாத்திக்குள் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

அன்றைய முறை சோமசேகரத்தினுடையது.